ஹார்வர்டில் வேலை செய்த தாத்தா: ஆங்கில இலக்கணம் மூளையில் வளர்வது எப்படி?

“மை கிராண்ட்ஃபாதர் வொர்க் இன் ஹார்வர்ட்.”

கெடாவில் படிவம் மூன்றில் படிக்கும் ஒரு மாணவி, அமெரிக்காவிலுள்ள ஒரு பள்ளி மாணவருக்கு மின்னஞ்சலில் இப்படி ஒரு வரி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பீடோங் வட்டாரத்தில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. அங்கே ஹார்வர்ட் என்ற பெயரில் ஒரு தோட்டம் உண்டு. தாத்தா அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; அவ்வளவுதான் செய்தி. ஆனால் அமெரிக்க மாணவருக்கு ஹார்வர்ட் என்றால் 1636-இல் தொடங்கப்பட்ட, உலகமே அறிந்த பல்கலைக்கழகம். அவர் வியப்போடு பதில் எழுதுகிறார்: “உன் தாத்தா பேராசிரியரா? இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாரா?”

இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. முதல் கேள்விக்குக் காரணம் தோட்டத்தின் பெயர். இரண்டாவது கேள்விக்குக் காரணம் இலக்கணம். “வொர்க்” என்ற வினைச்சொல்லில் இறந்தகாலம் தெரியவில்லை. மாணவி மறுபடியும் உட்கார்ந்து எழுதுகிறார்: “மை கிராண்ட்ஃபாதர் வொர்க்ட் ஆன் அ ரப்பர் எஸ்டேட் விச் இஸ் கால்ட் ஹார்வர்ட்.”

இந்த ஒரே வாக்கியத்தில் என்னவெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, பாருங்கள். இறந்தகால விகுதி வந்தது. பெயர்ச்சொல்லுக்கு முன் “அ” வந்தது. “விச்” என்று தொடங்கும் துணைத்தொடர் வந்தது. “இஸ் கால்ட்” என்ற செயப்பாட்டுவினை வந்தது. யாரும் இலக்கணப் பாடம் நடத்தவில்லை. எதிரில் இருந்தவருக்கு நம் ஊர் தெரியாது என்பது ஒன்றுதான் காரணம்.

இணையவழியில் வேறு நாட்டு மாணவரோடு எழுதிப் பழகும்போது ஆங்கில இலக்கணம் எப்படி வளர்கிறது என்பதை மொழியியல் அறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை, வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசி, ஆங்கிலத்தை மூன்றாவதாகக் கற்கும் நமக்கு மிகவும் பயன்படக்கூடியவை.

தெரிந்த விதி, வராத விதி

இலக்கணப் பயிற்சியில் பத்துக்குப் பத்து எடுத்த மாணவர், பேசும்போது “யெஸ்டர்டே ஐ கோ” என்கிறார். சோம்பலா, கவனக்குறைவா? இரண்டும் இல்லை. விதியை அறிந்திருப்பது ஒரு வகை அறிவு. பேசும் வேகத்தில் அந்த விதி தானாக வந்து விழுவது இன்னொரு வகை அறிவு.

பால்மரம் சீவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி உள்மரத்தைத் தொட்டுக் காயப்படுத்திவிடக் கூடாது. இதை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் விடியற்காலை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் கை தடுமாறாமல் சீவுவதற்கு நீண்ட பழக்கம் வேண்டும். இலக்கணமும் அப்படித்தான். பயிற்சிப் புத்தகம் விதியைத் தரும். அந்த விதி நாக்குக்கும் விரலுக்கும் இறங்கிவர, பொருள் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

1972-இல் லேரி செலிங்கர் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். இரண்டாம் மொழி கற்பவர் பேசுவது அரைகுறை ஆங்கிலம் இல்லை. அவருடைய மூளை தானே கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தனி மொழியமைப்பு என்றார். தமிழில் இதை இடைமொழி எனலாம். தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடையில் நிற்கும் இந்த இடைமொழிக்கும் விதிகள் உண்டு. “கோட்” என்று ஒரு மாணவர் சொன்னால், “கோ” என்ற வினைக்கு இறந்தகால விகுதி சேர்க்க வேண்டும் என்ற விதியை அவர் மூளை கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். “வென்ட்” என்ற விதிவிலக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே. ஆக, சில தவறுகள் வளர்ச்சியின் அடையாளங்கள்.

இந்த வளர்ச்சியில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. 1973-இல் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய நூலில், இலக்கண உறுப்புகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்து சேர்வதைக் காட்டினார். “கோயிங்” என்பதிலுள்ள “இங்” விரைவில் வந்துவிடுகிறது. “ஷீ கோஸ்” என்பதிலுள்ள “ஸ்” தாமதமாகத்தான் வருகிறது. அடுத்த ஆண்டு ஹைடி டூலே, மரீனா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் சீன மொழி பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்கும்போது அவர்களிடையே ஒத்த வரிசை ஒன்று இருப்பதைக் கண்டார்கள். தாய்மொழியின் தாக்கமும் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் அடிப்படைச் செய்தி மாறவில்லை: இலக்கணம் படிப்படியாக வளர்கிறது.

சொல் கப்பல் ஏறும், இலக்கணம் ஏறாது

கெடாவின் பழைய பெயர் கடாரம். பூஜாங் பள்ளத்தாக்கின் துறைமுகங்களில் தமிழ் வணிகரும் மலாய் வணிகரும் பிற நாட்டினரும் சந்தித்தார்கள். தமிழ்ச் சொற்கள் பல மலாய்க்குள் நுழைந்தன. கப்பல் “காப்பால்” ஆனது. கடை “கெடாய்” ஆனது. பெட்டி “பெத்தி” ஆனது. கட்டில் “காத்தில்” ஆனது. நாமும் “பாசார்” என்ற சொல்லை இயல்பாகச் சொல்கிறோம்.

ஆனால், “போகிறேன், போகிறாய், போகிறாள்” என்று ஆளுக்கு ஆள் மாறும் தமிழ் வினைமுற்று மலாய்க்குள் போகவில்லை. சொற்கள் எளிதாக இடம் மாறும். இலக்கணம் அப்படி இடம் மாறுவது அரிது. புதிய மொழியின் இலக்கணத்தை ஒவ்வொருவரும் தம் மூளைக்குள் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும்.

அப்படிக் கட்டும்போது நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்போம்.

மூன்று மொழிகளின் நடுவே

முதலாவது, காலம். தமிழ் வினைச்சொல்லிலேயே காலம் இருக்கிறது: போனாள், போகிறாள், போவாள். மலாயில் “பெர்கி” என்ற சொல் மூன்று காலத்துக்கும் மாறாமல் நிற்கும். “செமாலாம்”, “சுடா”, “அக்கான்” போன்ற சொற்கள் காலத்தைக் காட்டும். “யெஸ்டர்டே ஐ கோ” என்ற வாக்கியம் மலாய் அமைப்போடு அப்படியே ஒத்துப்போகிறது. “ஐ ஈட் ஆல்ரெடி” என்று மலேசியாவில் பலரும் சொல்வதும் இவ்வகைதான். நமக்குள் பேசும்போது அது முழுமையாகப் புரிகிறது. வெளிநாட்டு நண்பர்தான் யோசிப்பார்.

இரண்டாவது, “ஷீ கோஸ்” என்பதிலுள்ள “ஸ்”. இதில் ஒரு விந்தை இருக்கிறது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் காட்டும். அப்படிப்பட்ட மொழியைப் பேசும் நாம் ஒரே ஓர் “ஸ்” சேர்ப்பதற்கு ஏன் தடுமாறுகிறோம்? தமிழில் “போகிறாள்” என்று மட்டும் சொன்னாலே போதும், “அவள்” என்பது விளங்கிவிடும். விகுதி அங்கே உண்மையான வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் “ஷீ” என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். அதன்பின் வரும் “ஸ்” புதிதாக எதையும் சொல்வதில்லை. பொருளுக்கு உதவாத உறுப்பை மூளை எளிதில் கவனிப்பதில்லை.

மூன்றாவது, “அ”, “தி” என்ற சிறு சொற்கள். தமிழிலும் மலாயிலும் இவற்றுக்கு நேர் இணை இல்லை. “கடைக்குப் போனேன்” என்றால் எந்தக் கடை என்பதைக் கேட்பவர் சூழலிலிருந்து புரிந்துகொள்வார். ஆங்கிலமோ, கேட்பவருக்கு அந்தக் கடை முன்பே தெரியுமா தெரியாதா என்பதை ஒவ்வொரு முறையும் காட்டச் சொல்கிறது.

நான்காவது, பெயரெச்சம். “ஹார்வர்டில் வேலை செய்த தாத்தா” என்று தமிழில் விளக்கம் முன்னால் வரும். ஆங்கிலத்தில் தாத்தா முதலில் வருவார். அதற்குப் பிறகுதான் “ஹூ” என்று தொடங்கி விளக்கம் வரும். மலாய் இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. “யாங்” என்ற சொல்லோடு மலாயிலும் விளக்கம் பின்னால்தான் வருகிறது.

கேள்விக்கு ஆறு படிகள்

கேள்வி கேட்பது எளிது என்று நினைக்கிறோம். தமிழில் கடைசியில் “ஆ” சேர்த்தால் கேள்வி வந்துவிடும்: நீ வருகிறாய், நீ வருகிறாயா? மலாய்ப் பேச்சில் குரலை உயர்த்தினாலே போதும். ஆங்கிலமோ சொற்களின் வரிசையையே மாற்றச் சொல்கிறது.

மன்ஃபிரெட் பீனமன் என்ற ஜெர்மானிய மொழியியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1980-களில் இந்த வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் படியில் ஒற்றைச் சொல்: “துரியான்?” இரண்டாம் படியில் சாதாரண வாக்கியமே கேள்வியாகும்: “யூ லைக் துரியான்?” மூன்றாம் படியில் கேள்விச் சொல் முன்னால் வந்து நிற்கும், மற்றவை மாறாது: “வை யூ ஆர் லேட்?” நான்காம் படியில் எளிய இடமாற்றம் வரும்: “வேர் இஸ் ஷீ?” ஐந்தாம் படியில் “வாட் டிட் யூ ஈட்?”, “வேர் ஆர் யூ கோயிங்?” போன்றவை வரும். ஆறாம் படியில், “கேன் யூ டெல் மீ வேர் ஷீ இஸ்?” என்று இடமாற்றத்தை எங்கே செய்யக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

ஏன் இந்த வரிசை? பேசும்போது சொற்களை நினைவில் பிடித்துக்கொண்டே அவற்றை இடம் மாற்ற வேண்டும். எளிய மாற்றம் பழகாமல் கடினமான மாற்றத்துக்கு மூளையில் இடம் இருக்காது. ஜெர்மனியில் ஜெர்மன் மொழி கற்ற இத்தாலியக் குழந்தைகளிடம் பீனமன் ஒரு சோதனை செய்தார். அடுத்த படிக்குத் தயாராக இருந்த பிள்ளைகள் பாடம் நடத்தியதும் முன்னேறினார்கள். இரண்டு படி பின்னால் இருந்தவர்களுக்கு அதே பாடம் பயன்படவில்லை. அதனால், இரண்டாம் படியில் இருக்கும் மாணவர் ஆறாம் படிக் கேள்வியைத் தவறாகக் கேட்டால் வெட்கப்பட ஏதும் இல்லை. அவர் ஏற வேண்டியது மூன்றாம் படிதான்.

1999-இல் அலிசன் மேக்கி வெளியிட்ட ஆய்வு இதன் தொடர்ச்சி. ஆங்கிலம் கற்கும் பெரியவர்களைக் குழுக்களாகப் பிரித்தார். சிலர் ஆங்கிலம் பேசுவோரோடு படங்களை வைத்துக் கேள்வி கேட்டு விளையாடினார்கள். புரியாதபோது தடுத்துக் கேட்டார்கள். சிலர் அத்தகைய உரையாடலை அருகில் இருந்து பார்த்தார்கள். கேள்விப் படிகளில் தெளிவாக முன்னேறியவர்கள் நேரடியாகப் பங்கெடுத்தவர்கள்தாம்.

இணைய வகுப்புகளில் பல நாட்டு மாணவர்கள் ஆடிய ஒரு விளையாட்டு நினைவுக்கு வருகிறது. மிஸ்டரி ஸ்கைப் என்று அதற்குப் பெயர். காணொலி அழைப்பில் இரண்டு வகுப்புகள் சந்திக்கும். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். மாறி மாறிக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறீர்களா? உங்கள் நாட்டுக்குக் கடற்கரை உண்டா? ஒரு மணி நேரத்தில் ஒரு வகுப்பு எத்தனை கேள்விகளைச் சொந்தமாக உருவாக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வழக்கமான பாடத்தில் கேள்வி கேட்பவர் ஆசிரியர்; மாணவருக்குப் பதில் சொல்லும் வேலைதான்.

“புரியவில்லை” என்ற பதிலின் பயன்

கெடா மாணவி, “மை சிஸ்டர் கோ ஜப்பான்” என்று எழுதுகிறார் என்போம். ஜப்பானிய நண்பர் கேட்கிறார்: “டிட் ஷீ கோ? ஆர் இஸ் ஷீ கோயிங் நெக்ஸ்ட் இயர்?” அக்காள் போய்விட்டு வந்தாரா, இனிமேல்தான் போகப் போகிறாரா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். நேரில் சந்திக்கலாம் என்ற ஆவல்கூட இருக்கலாம். காலம் காட்டும் ஓர் உறுப்பு இப்போது உண்மையிலேயே தேவைப்படுகிறது.

அமெரிக்க அறிஞர் மைக்கேல் லாங் 1980-களில் இதை ஒரு கோட்பாடாக வளர்த்தார். உரையாடல் தடைபட்டு, இருவரும் சேர்ந்து பொருளைச் சரிசெய்யும் தருணத்தில்தான் கற்பவரின் கவனம் இயல்பாக மொழியின் வடிவத்தின் மேல் விழுகிறது என்றார் அவர்.

கனடாவின் மெரில் ஸ்வெய்ன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அங்கே 1965 முதல், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சு மொழியில் நடத்தும் பள்ளிகள் தோன்றின. பல ஆண்டுகள் படித்த அப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரிந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத் தவறுகள் நீங்கவில்லை. கேட்டுப் புரிந்துகொள்ள ஓரிரு முக்கியச் சொற்கள் போதும், மீதியை ஊகித்துவிடலாம். சொந்தமாக ஒரு வாக்கியத்தை உருவாக்கும்போதுதான், இந்த இடத்தில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியவில்லையே என்று மூளை உணர்கிறது. 1985-இல் ஸ்வெய்ன் எழுதியதன் சாரம் இது. ஆங்கிலப் படம் நூறு பார்த்தும் ஏன் எழுத வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது.

வேறு பண்பாட்டுக்காரர் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. வகுப்புத் தோழியிடம் “பொங்கலுக்கு வீட்டுக்கு வா” என்று சொன்னால் போதும். பொங்கல் என்றால் என்ன என்று அவர் கேட்க மாட்டார். போலந்து நாட்டு மாணவருக்கு எழுதும்போது, பானையில் மஞ்சள் கொத்து கட்டப்படுகிறது, பால் பொங்கி வழியும்போது எல்லாரும் குரல் எழுப்புகிறார்கள், அரிசி பிறகு சேர்க்கப்படுகிறது என்றெல்லாம் விளக்க வேண்டும். கட்டப்படுகிறது, சேர்க்கப்படுகிறது என்றதும் செயப்பாட்டுவினை வந்துவிட்டது. பொங்கி வழியும்போது என்றதும் “வென்” என்ற துணைத்தொடர் வந்துவிட்டது. தெரிந்தவரிடம் பேசும்போது சூழல் இடைவெளியை நிரப்பும். தெரியாதவரிடம் பேசும்போது இலக்கணம்தான் நிரப்ப வேண்டும்.

எஸ்டேட் என்ற சொல்லையே பாருங்கள். பிரிட்டிஷ் மாணவருக்கு அது வீடமைப்புப் பகுதியாகவோ, பெரிய மாளிகையைச் சுற்றியுள்ள நிலமாகவோ தோன்றலாம். லயத்து வீடு, பிரட்டுக்களம், பால் நிறுக்கும் இடம், இப்போது பால்மரம் இருந்த இடத்தில் நிற்கும் செம்பனை என்று விளக்கப் புகுந்தால், முன்பு இருந்தது, இப்போது இருக்கிறது, இன்னும் மாறவில்லை என்று ஆங்கிலத்தின் பலவகைக் காலங்களும் தேவைப்படும். தோட்ட வாழ்க்கையைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. எதிர்முனையில் இருப்பவருக்கு அதுதான் புதிய செய்தி.

மெதுவான இணையமும் உதவும்

தோட்டப்புற வீடுகள் சிலவற்றில் ஒரே கைப்பேசியை அண்ணன், அக்காள், தம்பி மூவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். காணொலி அழைப்புக்கு இணைய வேகம் போதாமலும் போகலாம். அதனால் இந்தக் கற்றல் நமக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். எழுத்துவழிப் பரிமாற்றத்துக்கு மிகக் குறைந்த இணைய வசதி போதும். இலக்கணத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு கூடுதல் பயனும் உண்டு.

பேச்சில் சொல் காற்றோடு போய்விடுகிறது. எழுத்தில் திரையில் நிற்கிறது. அனுப்புவதற்கு முன் படித்துத் திருத்த நேரம் இருக்கிறது. நண்பர் சரியான வடிவத்தில் பதில் எழுதினால், அதையும் நம் வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் கெர்ன் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு கற்ற மாணவர்கள் கணினிவழி எழுதி உரையாடியபோது, நேரடி வகுப்பு உரையாடலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பங்கெடுத்தார்கள். 1996-இல் மார்க் வார்ஷாயர் நடத்திய ஒப்பீட்டிலும், நேரில் அதிகம் பேசாத மாணவர்கள் திரையில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுத்தது தெரிந்தது. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து வாய் திறக்காதவருக்கு இது நல்ல செய்தி.

பேனா நண்பர் முதல் இணைய வகுப்பு வரை

இந்த வழி திடீரென்று முளைத்ததன்று. 1920-களிலேயே பிரான்ஸ் நாட்டு ஆசிரியர் செலஸ்தீன் ஃபிரெனே, தம் கிராமப் பள்ளிப் பிள்ளைகளை வேறு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு கடிதம் எழுதவைத்தார். நம் தாத்தா, பாட்டி காலத்தில் பேனா நண்பர்கள் இருந்தார்கள். 1988-இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளும் மாஸ்கோ பள்ளிகளும் கணினிவழி இணைக்கப்பட்டன. அந்த முயற்சியே பின்னர் ஐ-எர்ன் என்ற உலகளாவிய பள்ளி வலையமைப்பாக வளர்ந்தது. 2005-இல் ஐரோப்பாவில் இ-ட்வின்னிங் தொடங்கியது. 2008-இல் ஆஸ்திரேலியப் பள்ளிகளையும் இந்தோனேசியப் பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கிய பிரிட்ஜ் திட்டம், பின்னர் மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கும் விரிந்தது.

ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்திலிருந்து 1990-களில் மின்னஞ்சல் இணைமுறை வளர்ந்தது. இருவர் ஒருவருக்கொருவர் மொழி ஆசிரியர்கள். ஜெர்மானியர் பாதி மடலை ஸ்பானிய மொழியில் எழுதுவார். ஸ்பானியர் பாதி மடலை ஜெர்மன் மொழியில் எழுதுவார். இருவரும் ஒருவரையொருவர் திருத்துவார்கள். பெறுவது எவ்வளவோ அவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது இதன் விதி.

எதிர்முனையில் இருப்பவரும் நம்மைப்போல் ஆங்கிலம் கற்பவராக இருந்தால்? தவறுக்குத் தவறு சேர்ந்து இருவரும் கெட்டுப்போவோமோ என்ற அச்சம் நியாயமானது. இதை 1986-இல் பட்ரீசியா போர்ட்டர் ஆராய்ந்தார். ஒருவர் செய்த தவறை மற்றவர் எடுத்துக்கொண்டது மிகச் சொற்பம். கற்பவர்கள் தமக்குள் பேசும்போது அதிகமாகவே பேசினார்கள். ஜப்பானில் முரோரான் தொழில்நுட்பக் கழகத்தில் எரிக் ஹேக்லி தொடங்கிய பன்னாட்டு இணையப் பரிமாற்றத் திட்டம் இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அதில் பங்கெடுக்கும் பல நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கற்பவர்களே. ஆங்கிலம் அங்கே யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பொதுவான பாலம்.

அரட்டை மட்டும் போதாது

அப்படியானால் தினமும் வெளிநாட்டு நண்பரோடு அரட்டை அடித்தால் இலக்கணம் வந்துவிடுமா? வராது. இதற்கும் ஆதாரம் உண்டு.

ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர், ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரை மூன்று ஆண்டுகள் கவனித்து 1983-இல் எழுதினார். ஆய்வில் அவருக்கு இட்ட பெயர் வெஸ். அவருக்கு ஆங்கிலம் பேசும் நண்பர்கள் ஏராளம். தயக்கமில்லாமல் பேசினார்; கதை சொன்னார்; நகைச்சுவையாகப் பழகினார். ஆனால் மூன்று ஆண்டுகளில் அவருடைய இலக்கணம் ஏறத்தாழ தொடங்கிய இடத்திலேயே நின்றது. பொருள் புரிந்தால் போதும் என்றிருந்தார், வடிவத்தைக் கவனிக்கவில்லை. கவனித்தல் இல்லாமல் கற்றல் இல்லை என்ற முடிவுக்கு ஷ்மிட் பின்னாளில் வந்தார்.

நண்பர்கள் தாமாகவே திருத்துவார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது. ஸ்பெயின், சிலி மாணவர்களை அமெரிக்க மாணவர்களோடு இணைத்துப் பேய்ஜ் வேர், ராபர்ட் ஓடவுட் இருவரும் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. தவறுகளைத் திருத்த வேண்டும் என்பதை மாணவர்கள் எல்லாருமே விரும்பினார்கள். ஆனால் திருத்துவதும் உன் வேலை என்று சொல்லப்பட்ட குழுவில்தான் திருத்தம் நடந்தது. மற்றக் குழுவில் நட்பு வளர்ந்தது. தவறுகள் அப்படியே இருந்தன. நண்பரைத் திருத்தினால் மனம் புண்படுமோ என்ற தயக்கம் எந்த நாட்டிலும் உண்டு.

மறைமுகமான திருத்தம் கண்ணில் படாமலும் போகும். 1997-இல் ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடா வகுப்பறைகளில் பார்த்தது இது: மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்வதே மிக அதிகமாக நடந்தது. ஆனால் அப்படிச் சொன்னபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மாணவரிடமிருந்து அதற்கு எதிர்வினை வரவில்லை. ஆசிரியர் தம் கருத்தை ஆமோதிக்கிறார் என்றே மாணவர்கள் எண்ணியிருக்கலாம்.

மொழிபெயர்ப்புச் செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் எழுதி, செயலி தரும் ஆங்கிலத்தை அப்படியே அனுப்பினால் நண்பருக்கு நல்ல ஆங்கிலம் போய்ச் சேரும். உங்கள் மூளைக்கு ஒன்றும் சேராது. இந்த இடத்தில் என்ன வரும் என்று திணறும் அந்த நிமிடம்தான் கற்றல் நடக்கும் நிமிடம். முதலில் நீங்கள் எழுதுங்கள். பிறகு செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

இன்றைய எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள் உள்ளன. பேச்சுத் தேர்வில் இன்னொரு மாணவரோடு கலந்து பேச வேண்டிய பகுதியும் உண்டு. மனப்பாடம் அங்கே அதிக தூரம் வராது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பாலிங்கிலோ இருந்துகொண்டு இப்போதே பழகத் தொடங்கலாம்.

முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். வேறு நாட்டுப் பள்ளியோடு இணைவது ஆசிரியர் வழியாக நடக்க வேண்டும். முன்பின் தெரியாதவரோடு தனியாகத் தொடர்பு வைக்க வேண்டாம். வீட்டு முகவரி, தொலைபேசி எண், சொந்தப் படங்கள் எதையும் அனுப்ப வேண்டாம். யாராவது அவற்றைக் கேட்டால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே சொல்லுங்கள்.

இரண்டாவது, முதல் மடலிலேயே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு மடலிலும் என்னுடைய இரண்டு தவறுகளை நீ சொல், உன்னுடைய இரண்டை நான் சொல்கிறேன். எல்லாத் தவறுகளையும் திருத்தத் தொடங்கினால் நட்பே சலித்துவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு மடலிலும் மூன்று கேள்விகளாவது கேளுங்கள். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து, ஆறு படிகளில் எந்தப் படியில் இருந்தீர்கள், இப்போது எங்கே வந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் மூளையில் நடந்த ஒரு வளர்ச்சியை நீங்களே அளந்து பார்க்கும் அறிவியல் சோதனை இது.

நான்காவது, வாரம் ஒருமுறை பழைய மடல்களைத் திறந்து, உங்கள் வாக்கியத்தையும் நண்பர் அதையே எழுதிய விதத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எங்கே வேறுபடுகின்றன என்று கோடிடுங்கள்.

வெளிநாட்டு நண்பர் இன்னும் கிடைக்கவில்லையா? அதுவரை இந்த வாரப் பயிற்சியாக ஒன்று செய்யுங்கள். கெடாவை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒருவருக்கு, உங்கள் தோட்டத்தையோ தாமானையோ பத்து வாக்கியங்களில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்த அந்நியரின் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். எப்போது, எந்த, யார், எதற்கு என்று அவர் கேட்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். நீங்கள் அடுத்துக் கற்க வேண்டிய இலக்கணம் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது.